நெடுந்தீவின் முதிய குதிரைகள்



யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள தீவுகளுள், மக்கள் நிலையாக வாழ்வனவற்றிலே மிகத் தொலைவில் அமைந்தது நெடுந்தீவு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிற் படகேறுவோர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் சென்று மாவலித்துறையில் இறங்குவர். ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவிலே மலையில்லை, ஆறில்லை. முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகளும், பனைகளும், பற்றைகளும், பரந்த புல்வெளிகளுமே எங்கும் தென்படுகின்றன. அப்புல்வெளிகளிலே கட்டுவாரும் ஓட்டுவாருமின்றிக் குதிரைகள் கூட்டங் கூட்டமாக மேய்கின்றன. தீவைக் காண வருவோர் முதலில் வினவுவதும் அவற்றைப் பற்றியே.

வருவோரின் கண்ணைக் கவர்வது பிடரி பறக்க ஓடும் இளங்குதிரை. கூட்டத்துக்குப் பின்னால், சிறிது விலகி, தலை தாழ்த்தி நிற்கும் முதிய குதிரையை அவர்கள் நோக்குவதில்லை. அதன் முதுகு நடுவே தாழ்ந்திருக்கும். கண்ணுக்கு மேலே குழி விழுந்திருக்கும். விலாவெலும்புகளை எண்ணிவிடலாம். முன்னங்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றும். புல்லைக் கடித்துச் சிறிது நேரம் மென்று, சக்கைச் சுருளாகக் கீழே போட்டுவிடும். அதன் பல்லிலே ஒரு குறை, குளம்பிலே ஒரு குறை, மூட்டிலே ஒரு குறை, மூச்சிலே ஒரு குறை என்று நோய்கள் பலவும் ஒருங்கே குடிகொண்டிருக்கும். இத்தகைய குதிரையைப் பேணும் முறை யாது, ஒருவர் தம் கொட்டிலில் வளர்க்கும் குதிரைக்குச் செய்யத்தக்கது எது, நெடுந்தீவிலே தன்னிச்சையாகத் திரியும் குதிரைக்குச் செய்யத்தக்கது எது என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

தமிழர் குதிரையைப் பெரும்பாலும் கடல் வழியாகவே பெற்றனர். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, கடல் வழி வந்த குதிரைகளையும் அவற்றுள் ஒன்றாகக் குறிக்கின்றது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து காயலுக்குக் குதிரைகள் வந்ததை விரிவாக எழுதியுள்ளார். அரசர் ஒருவரே ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார் என்றும், ஆண்டு முடிவிலே அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகின்றார். பேணும் முறை அறிந்தவர் நாட்டில் இல்லை. அறிந்தவரை அழைத்துவர வணிகர்க்கு மனமில்லை. குதிரை இறந்தால் மறு ஆண்டு மீண்டும் விற்கலாம் அன்றோ! பயணி எண்ணிக்கையை மிகைப்படுத்தியிருக்கலாம். எனினும், பெரும் பொருள் கொடுத்து வாங்கிய உயிரைப் பேணும் அறிவை வாங்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அக்குறிப்பு தக்க சான்றாகும்.

நெடுந்தீவின் குதிரைகளும் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவற்றின் வழியில் வந்தவையே. போர்த்துக்கேயர் காலத்திலும், 1658 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும் அவை இப்பகுதிக்கு வந்தன. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை அமைந்த வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடல்பேர்க் ஆயிற்று. அப்பெயர்கள் ஏட்டளவில் நின்றொழிய, நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மாத்திரம் இன்றும் வழங்குகின்றது. கடலே வேலியாகவும் புல்லே தீனியாகவும் அமைந்தமையால் குதிரை வளர்ப்புக்கு அத்தீவு ஏற்ற இடமெனக் கண்டனர். பின் வந்த ஆங்கிலேயரும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தீவின் பொறுப்பை வகித்த நோலன் என்னும் படை அதிகாரியின் பெயர் இன்றும் குதிரை வளர்ப்போடு சேர்த்தே பேசப்படுகின்றது. குதிரை இலாயத்தின் கற்றூண்கள் சிதைந்த நிலையில் இன்றும் நிற்கின்றன.

பின்னர் படைக்கும் பயணத்துக்கும் குதிரை வேண்டாத காலம் வந்தது. வளர்த்தவர் போயினர், குதிரைகள் தங்கிவிட்டன. 2015 ஆம் ஆண்டிலே தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. யானையைப் போலவோ மானைப் போலவோ இந்நாட்டுக் காட்டிலே தோன்றி அதற்கேற்ப அமைந்த விலங்கன்று இக்குதிரை. மனிதன் தன் தேவைக்காகக் கொண்டுவந்து, தேவை தீர்ந்ததும் விட்டுச் சென்ற விலங்கு அது. ஆகவே அதன் நலத்திலும் தளர்ச்சியிலும் மனிதர்க்குள்ள பொறுப்பு, பிற காட்டு விலங்குகளிடத்துள்ள பொறுப்பினும் ஒரு படி மிகுந்ததாகும்.

குதிரையின் முதுமையை அறிவதற்குப் பல்லே முதற் கருவி. நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். 20 வயதை அண்மித்தால் அது முதுமையின் வாயிலில் நிற்கின்றதெனக் கொள்ளலாம். மனிதனின் பல் வளர்ந்து முடிந்தபின் அவ்வாறே நிற்கும். குதிரையின் கடைவாய்ப்பல்லோ ஈறுக்குள்ளே நீண்டு புதைந்திருந்து, புல்லை அரைத்துத் தேயத்தேய, ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் மேலெழுந்துகொண்டேயிருக்கும். புதைந்துள்ள பல் ஒரு நாள் தீர்ந்துவிடும். அதன்பின் வாயில் எஞ்சுவன வழுவழுத்த அடிக்கட்டைகளே. மேலும், குதிரையின் கீழ்த்தாடை மேல்தாடையினும் ஒடுங்கியது. ஆகையால் பற்கள் ஒருபுறமாகத் தேய்ந்து, மேற்பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் கத்திபோற் கூர்மையடைந்து, கன்னத்தையும் நாவையும் புண்ணாக்கும். இளமையில் ஆண்டுக்கொரு முறையும், முதுமையில் ஆறு மாதத்துக்கொரு முறையும் கால்நடை வைத்தியர் வாயைத் திறந்து பார்த்து, கூர்மையான விளிம்புகளை அரத்தினால் மட்டமாக்குதல் வேண்டும். மென்ற புல்லை உருண்டையாக உதிர்த்தல், ஒருபுறமாக மெல்லுதல், வாயில் துர்நாற்றம் வீசுதல், சாணத்திலே நீண்ட நார் காணப்படுதல் ஆகியவை பற்குறையின் அறிகுறிகள்.

அடுத்தது குளம்பு. குதிரையின் உடற்பாரம் முழுவதையும் தாங்கும் எலும்பு, குளம்பின் ஓட்டுக்குள்ளே மெல்லிய படலங்களால் தொங்கவிடப்பட்டுள்ளது. அப்படலங்கள் அழற்சியுற்றுப் பிரியுமாயின் எலும்பு தன் இடத்தினின்றும் கீழிறங்கும். இதனையே லமினைற்றிஸ் என்பர். நகத்துக்கும் சதைக்கும் இடையே வீக்கம் உண்டாகி, அந்த நகத்தின்மேலேயே நாள் முழுதும் நிற்க நேரும் வேதனையை ஒருவர் எண்ணிப் பார்த்தால் இந்நோயின் கொடுமை விளங்கும். இந்நோயுற்ற குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் ஏற்றி நிற்கும். திரும்புவதற்கு அஞ்சும். குளம்பைத் தொட்டால் வெப்பம் தெரியும். கணுவுக்கருகே நாடி வலுவாகத் துடிக்கும். மாவும் இனிப்பும் மிகுந்த தீனியும், மாரிக்குப்பின் திடீரெனச் செழிக்கும் இளம்புல்லும் இதனைத் தூண்டவல்லன.

முதிய குதிரைக்கு இந்நோய் மீண்டும் மீண்டும் வருமாயின், அதன் வேர் காலிலன்றித் தலையிலே இருத்தல் கூடும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி முதுமையிற் பழுதுற்று, அளவுக்கு மிஞ்சிய சுரப்புகளைக் குருதியிற் கலக்கச் செய்வதாலுண்டாகும் நோய் ஒன்றுண்டு. குஷிங் நோய் என்று அதனை வழங்குவர். இந்நோயுற்ற குதிரையின் மயிர் உரிய காலத்தில் உதிராது. நீண்டு சுருண்டு கம்பளிபோல் உடலைப் போர்த்தியிருக்கும். முதுகின் தசை கரைந்து வயிறு தொங்கும். நீர் வேட்கை மிகும், சிறுநீர் மிகும், சிறு புண்ணும் எளிதில் ஆறாது. குளிர்நாட்டிலே நீண்ட மயிர் ஓரளவு தாங்கக்கூடிய துன்பம். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலே அது நீங்காத வேதனை. கொட்டிலில் வளரும் குதிரையாயின் மயிரைக் கத்தரித்துவிடுதல் முதற் சிகிச்சை. பேர்கோலைட் என்னும் மருந்தை நாள்தோறும் வாழ்நாள் முழுவதும் கொடுத்து வந்தால் நோய் கட்டுப்படும், முற்றாக நீங்காது.

மூட்டுவாதம், கண்ணிலே திரும்பத் திரும்ப வரும் அழற்சி, தூசினால் வரும் இரைப்பு ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்தெண்ணல் வேண்டும். வரண்ட மாதங்களிலே சோளகக் காற்று மணலையும் தூசியையும் வாரியிறைக்கும்போது, இரைப்புடைய குதிரை நாசியை விரித்து வயிற்றை உந்தி மூச்சு வாங்குவதைக் காணலாம்.

இந்நோய்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுதல் எளிது. ஒவ்வொன்றுக்கும் மருந்து கூறுதலும் எளிது. அவை யாவும் ஓருடலிலே கூடும்போதுதான் வளர்ப்பவர் திகைக்கின்றார். பல் போன குதிரைக்கு மெலிவு நீங்க ஊட்டமான மென்தீனி வேண்டும். அவ்வூட்டமே குளம்பு நோயைத் தூண்டும். குளம்பு நோய்க்கு ஓய்வு வேண்டும்; ஓய்ந்து நின்றால் மூட்டு இறுகும். வலி தீர்க்கும் மருந்து மூட்டுக்கு நல்லது. நீண்ட நாள் கொடுத்தால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீர் குடியாத குதிரைக்கு அக்கேடு இருமடங்காகும். இரைப்புக்குக் கொடுக்கும் ஸ்ரீரொயிட் மருந்துகள் சில வேளைகளிற் குளம்பு நோயைக் கிளப்பிவிடும். ஒரு நோய்க்கு நன்மையானது மற்றொன்றுக்குத் தீங்காகின்ற இந்நிலையில், நோய்தோறும் தனித்தனி மருந்து தேடுபவர் குதிரையை மேலும் வருத்துபவராவார்.

அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் வழி வேறு. முதலில் வலி, அடுத்து நீர், அதன்பின் தீனி, அதன்பின் பிற என வரிசைப்படுத்திக்கொள்வர். வலியோடு நிற்கும் விலங்கு நீரை நாடிச் செல்லாது. நீர் குடியாத விலங்கு தீனியைச் செரிக்காது. ஆகவே இவ்வரிசை மாறலாகாது. அடுத்து, ஒரு செயலால் பல நோய்க்குத் தணிவு தருவது எதுவெனத் தேடுவர். இதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். உலர்புல்லை அவ்வாறே கொடுத்தால் தூசி மூச்சை அடைக்கும். அதனையே சிறிது நேரம் நல்ல நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால், தூசி அடங்குகின்றது, பல்லுக்கு மெத்தெனவாகின்றது, புல்லிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதி நீரோடு போய்விடுவதால் குளம்புக்கும் நன்மையாகின்றது, உடலிலே நீரும் சேருகின்றது. வெப்ப நாடாகையால் ஊறிய புல் விரைவிற் புளித்துவிடும். அவ்வப்போது வேண்டிய அளவு மட்டும் ஊறவைத்தல் அவசியம்.

“கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்” என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கொள்ளு பழைய குதிரைத் தீனிதான். எனினும் முதிய குதிரைக்கு அதனை ஊறவைத்து அவித்து, சிறிது சிறிதாகவே கொடுத்தல் வேண்டும். குளம்பு நோயுற்றதற்குக் கால்நடை வைத்தியரின் அனுமதியின்றிக் கொடுத்தலாகாது. அரிசித் தவிடு மென்மையானது, விலையும் குறைந்தது. ஆயினும் அதிற் பொசுபரசு மிக்கும் கல்சியம் குறைந்தும் இருப்பதால், தவிட்டையே நம்பி வளர்த்தால் எலும்பு நலிவடையும். 250 கிலோகிராம் எடையுள்ள சிறு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 கிலோகிராம் உலர்தீனி வேண்டும். அதனை ஒரே வேளையிற் போடாது, நான்கைந்து முறையாகப் பிரித்திடல் நன்று. குதிரையின் இரைப்பை சிறிது. அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. அளவுக்கு மிஞ்சி உண்டதும், கெட்டுப்போனதை உண்டதும் கடும் வயிற்றுவலியாக முடியும்.

இப்பராமரிப்புக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு குறிப்புப் புத்தகம் வேண்டும். நாள்தோறும் நோக்கும் கண் வேண்டும். அமைதியாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும், உடல் வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு வரையும் இருத்தல் இயல்பு. காலையில் இவற்றைக் குறித்து, எத்தனை வாளி நீர் குடித்தது, எவ்வளவு தீனி மிச்சம் வைத்தது, எத்தனை முறை சாணமிட்டது, எந்தக் காலைத் தூக்கியது என்பனவற்றையும் எழுதிவைத்தால், வைத்தியர் வரும் நாளிலே அப்புத்தகமே குதிரையின் வாயாகப் பேசும். மெலிவை அளப்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே ஹெனெக் என்பாரும் அவருடைய துணைவரும் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு முறை உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. கழுத்து, பிடரியடி, தோள், விலா, முதுகு, வாலடி ஆகிய ஆறிடங்களையும் தடவிப் பார்த்து, எலும்புந்தோலுமான நிலைக்கு 1, மிகக் கொழுத்த நிலைக்கு 9 என அவர்கள் எண் வகுத்தனர். மாதத்துக்கொரு முறை இவ்வெண்ணைக் குறித்துவந்தால், கண்ணுக்குப் புலப்படாது நிகழும் மெலிவு ஏட்டிலே புலப்படும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கொரு முறை குளம்பைச் சீவுதலும், ஏர்ப்புவலித் தடுப்பூசி தவறாது இடுவித்தலும் இவற்றோடு சேர்ந்த கடமைகள்.

நுவரெலியாவிலே கிரகரி வாவிக் கரையிலும், சென்னையிலே மெரீனாக் கடற்கரையிலும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளுக்கு உடையவர் உண்டு. அவர்கள் விரும்பினால் இவை யாவும் செய்தல் கூடும். நெடுந்தீவுக் குதிரைக்கோ உடையவரென ஒருவரில்லை. கையால் தீண்டப்படாத விலங்கைத் துரத்திப் பிடித்து, கட்டி வீழ்த்தி, பல்லை அராவுதல் நோயினும் கொடிதாக முடியும். முதிய குதிரை அவ்வோட்டத்திலேயே மாய்ந்துவிடலும் கூடும். நாள்தோறும் மாத்திரை கொடுத்தல் நடவாத காரியம். ஆகவே அங்குச் செய்யத்தக்கது, ஒவ்வொரு குதிரைக்கும் மருந்து தேடுவதன்று; முதிய குதிரையும் எட்டிப் பிழைக்கத்தக்கதாக அதன் வாழிடத்தைத் திருத்துவதேயாகும்.

அதில் முதன்மையானது நீர். நெடுந்தீவிலே மாரி மழை பெய்து ஓய்ந்தபின் மாதக்கணக்காக நிலம் வரண்டு கிடக்கும். சுண்ணக்கற் பாறையின் கீழே உவர்நீரின்மேல் மெல்லிய ஆடைபோல் மிதக்கும் நன்னீரே துரவுகளிலும் கிணறுகளிலும் ஊறுகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். மனிதரே குடிநீருக்குக் காத்து நிற்கும் காலத்தில், குதிரைக்கு நீர் தேடுவாரைக் காண்பது அரிது. ஓய்ந்து நிற்கும் குதிரைக்கு உடல் எடையில் 100 கிலோகிராமுக்கு ஏறக்குறைய 5 லீற்றர் நீர் நாளொன்றுக்கு வேண்டும். வெயிற்காலத்தில் அது இருமடங்காகும். நீரின்றி உலர்ந்த புல்லை மேயும் குதிரையின் குடலிலே தீனி இறுகி அடைத்துக்கொள்ளும். புல் குட்டையாகிப்போன நிலத்தில் மணலையும் சேர்த்து விழுங்குவதால் அடைப்பு மேலும் மிகும். கடும் வறட்சிகளிலே தீவின் குதிரைகள் மடிவதற்குத் தாகமே பெருங் காரணம்.

நீர்த்தொட்டி அமைப்பதிலும் முறையுண்டு. ஒரே பெருந்தொட்டி அமைத்தால் வலிய குதிரைகள் அதனைச் சூழ்ந்து நின்று, முதியவற்றையும் குட்டிகளையும் அணுகவிடா. அதே அளவு நீரை, ஒன்றுக்கொன்று தொலைவாக அமைந்த பல சிறு தொட்டிகளிற் பகிர்ந்து வைத்தால் பின்தங்கியதற்கும் பங்கு கிடைக்கும். மூட்டு இறுகிய குதிரை குனிந்து குடிக்கத்தக்க உயரமும், குளம்பு வழுக்காத தரையும், அருகிலே சிறிது நிழலும் வேண்டும். பாசி படியாமல் வாரந்தோறும் கழுவுவதற்கும் ஓர் ஆளை நியமித்தல் அவசியம். தொட்டி கட்டித் திறந்துவைத்த நாளிலே கூடுவோர் பலர். ஆறாம் மாதத்திலும் அதில் நீர் இருக்கின்றதா என்று பார்ப்பவரே பராமரிப்பவர்.

இரண்டாவது, வருவோரின் இரக்கம் தீங்காகாமற் காத்தல். மெலிந்த குதிரையைக் கண்டு பாணும் பிஸ்கற்றும் நீட்டுவோர் நல்லெண்ணமுடையோரே. ஆனால் நீண்ட நாட்பட்டினி கிடந்த உடலிலே மாப்பண்டம் திடீரெனச் சேர்ந்தால் குருதியின் உப்புச்சமநிலை குலைந்து உயிரே போதல் கூடும். குளம்பு நோயும் எழும். அவற்றைச் சுற்றிவந்த பிளாஸ்ரிக் உறை குடலை அடைக்கும். அறுந்த கம்பியும் மீன்வலைத் துண்டும் காலிற் சுற்றினால் முதிய குதிரை ஓடித் தப்பாது. இவற்றை அகற்றுவதற்குச் செலவில்லை, கவனமே வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. நிறத்தாலும் நெற்றிச்சுட்டியாலும் குதிரைகளை அடையாளம் கண்டு, எது மெலிகின்றது, எது நொண்டுகின்றது, எது கூட்டத்தினின்றும் பிரிந்தது என்பதைத் தொலைவிலிருந்தே மாதந்தோறும் குறித்துவரலாம். தீவின் பாடசாலை மாணவர்க்கு இதனினும் சிறந்த விலங்கியற் பயிற்சி வேறில்லை. அக்குறிப்பு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் கால்நடை வைத்தியர்க்கும் கிடைக்குமாயின், எங்கு நீர் குறைந்தது, எதற்கு உதவி வேண்டும் என்பது காலத்தில் தெரியவரும். மன்னாரிலே தெருக்களில் திரியும் கழுதைகளுக்கெனத் தொண்டு நிறுவனமொன்று சிகிச்சை நிலையம் அமைத்தது. உடையவரற்ற விலங்குக்கும் வைத்தியம் கூடுமென்பதை அம்முயற்சி அயலிலேயே காட்டியுள்ளது. கழுதை ஊருக்குள் மனிதரோடு பழகியது. குதிரை விலகி நிற்பது. முறை வேறுபடினும் பொறுப்பு ஒன்றே.

இறுதியாக, முடிவைப் பற்றியும் சொல்லவேண்டும். வீழ்ந்த குதிரை எழ இயலாது கிடத்தல், மருந்துக்கும் அடங்காத வலி, நீரையும் தீனியையும் முற்றாக மறுத்தல் ஆகியவை கூடும்போது, கால்நடை வைத்தியரின் கையால் துன்பமின்றி உயிர் நீங்கச் செய்தல் உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. நம் மக்களின் மனம் இதற்கு எளிதில் இசைவதில்லை. உயிரைக் கொல்லாமை பேரறமெனக் கொண்ட சமூகத்திலே இத்தயக்கம் இயல்பானதே; இகழத்தக்கதன்று. ஆயினும் இரு வேறு செயல்களை ஒன்றெனக் கொள்ளலாகாது. வைத்தியரை அழைத்து, வேறு வழி உண்டா என்று ஆராய்ந்து, இல்லையெனக் கண்டபின் வேதனையை நீக்குவது ஒன்று. கொல்லமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, வெயிலிலே காகங் கொத்த விட்டு அகல்வது மற்றொன்று. முன்னதை ஏற்க இயலாதவர், வீழ்ந்து கிடக்கும் விலங்குக்கு நிழலும் நீரும் வலி தணிக்கும் மருந்தும் கொடுத்து, இறுதிவரை அருகிருத்தல் வேண்டும். அகன்றுவிடுதல் மட்டும் எந்த அறத்திலும் சேராது.

முன்னாளிலே குதிரைகளைக் கப்பல் கப்பலாக இறக்கிய அரசுகள் அவற்றைப் பேணும் முறையை அறியவில்லை. பின்னாளிலே பேணத் தெரிந்தவர்களும் பயன் உள்ளவரையே பேணினர். பயன் தீர்ந்த உயிரையும் பேணுதல் என்னும் மூன்றாம் நிலை இக்காலத்தவர் கையில் இருக்கின்றது. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. வரண்ட மாதங்களிலே எட்டும் உயரத்தில் ஒரு தொட்டி நல்ல நீரும், அதனை நிரப்பும் பொறுப்பேற்ற ஒருவரும், பின்தங்கி நிற்பது எதுவென்று நோக்கும் கண்களும் இருந்தால், கூட்டத்தின் கடைசிக் குதிரையும் தன் முதுமையைத் தாகமின்றிக் கழிக்கும்.